ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லணும்னா யார்?

மந்தைவெளி: மனித வரலாற்றில் அதிகத் தாக்கம் உண்டாக்கியவர் யார்? மதத் தலைவர்கள், மன்னர்கள் வேண்டாம், பேச்சு அடிதடியில் முடியும். காரணமும் சொல்லுங்க.

மணலி: ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கலாம்னு 1909-ல் காட்டினார். யூரியா மூட்டைக்கு மூலம் அதுதான். நம்ம மணலி உர ஆலையிலும் அதே வேதியியல்.

பெரம்பூர்: பாதிப் பெருமை அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோன கார்ல் போஷுக்குப் போகணும் சார். ஹேபரிடம் இருந்தது மேசைமேல் வைக்கிற கருவி. பெரிசாக்கினப்போ, சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில், 500 டிகிரி சூட்டில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலிருந்த கார்பனைத் தின்றது. எஃகு நொறுங்கி உலை வெடித்தது. போஷ் உள்ளே மென்னிரும்பு உறை செருகி, வெளி எஃகில் சின்னத் துளைகள் போட்டார். கசிந்த வாயு தேங்காமல் வெளியேறியது. 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் அம்மோனியா ஆலை ஓடியது. துளை போட்டவருக்கு யாரும் சிலை வைக்கிறதில்லை!

மந்தைவெளி: முதல் உலகப்போரில், 1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் ஈப்ர் ஊரருகே எதிரிப் படைமேல் குளோரின் விஷவாயு விட்டதும் ஹேபர் மேற்பார்வையில்தானே?

மணலி: ஆமாங்க. கேள்வி தாக்கம் பற்றி, நற்சான்றிதழ் பற்றி இல்லையே.

கிண்டி: என் ஓட்டு எட்வர்ட் ஜென்னருக்கு. பெரியம்மை வராமல் தடுக்க 1796-ல் மாட்டம்மைச் சீழை எடுத்துக் குத்தினார். சிக்கல் அப்புறம்தான்: குத்தினவர் கையிலிருந்து சீழ் எடுத்து அடுத்தவர் கையில் குத்தினால் சிஃபிலிஸ் என்கிற பால்வினை நோயும் கூடவே பரவும், வெயிலில் மருந்து வீரியம் இழக்கும். இங்கே கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் தொடங்கினதே அம்மைப்பால், அதாவது அந்தத் தடுப்பு மருந்து, தயாரிக்கத்தான். மருந்தை உறைய வைத்து உலர்த்திய தூள் வந்தபிறகுதான் வெப்ப நாடுகளில் வேலை சுலபமாச்சு. 1980-ல் பெரியம்மை ஒழிந்ததுன்னு அறிவிச்சாங்க.