ஹெவி லைசென்ஸ்: டிரைவிங் ஸ்கூலா, கிளீனர் வேலையா? முதல் ஓனரை எப்படிப் பார்த்துச் சேர்றது?

ராசிபுரம்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வயசு 22. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு மில்லுல ஷிப்ட் பார்க்கறேன். லாரி ஓட்டணும்னு சின்ன வயசுல இருந்தே ஆசை. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் தாண்டிருச்சு, அதனால ஹெவிக்கு எல்எல்ஆர் போடலாம்னு ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.

பக்கத்து டிரைவிங் ஸ்கூல்ல, "மொத்தமா பணத்தைக் கட்டிடு, நாலு நாள் ஸ்டியரிங் பிடிச்சாப் போதும்"ங்கறாங்க. நாமக்கல்ல தங்கிப் படிக்கற பயிற்சி நிலையத்துல சேரச் சொல்றார் இன்னொருத்தர். மாமாவோட சிநேகிதர் பன்னெண்டு சக்கர வண்டி வெச்சிருக்கார். ஒரு வருசம் அதுல கிளீனராப் போ, லைசென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்ங்கறார் மாமா. இதுக்கு நடுவுல ஒரு ஓனர், லைசென்ஸோட வந்தா உடனே வண்டி, 50,000 அட்வான்ஸும் தர்றேன்கறார். ஆனா ஒரிஜினல் லைசென்ஸ் அவர்கிட்டதான் இருக்கணுமாம். எதுல போறதுன்னு குழப்பமா இருக்குங்க.

வடக்குலைன்_பழையவன்:
மாமா சொல்றதைக் கேளு தம்பி. மைதானத்துல கம்பு நட்டு ரிவர்ஸ் எடுத்தா டிரைவர் ஆயிட முடியாது. நான் கிளீனரா ஏறினவன். டயரைக் கம்பியால தட்டுனா வர்ற சத்தத்துலயே உள்டயர்ல காத்து குறைஞ்சதைச் சொல்லிருவேன். கயித்தை எங்க இழுத்துக் கட்டணும், நாசிக்ல வெங்காயம் ஏத்தினா காத்து போறதுக்கு தார்ப்பாயை எப்படி விடணும், நாக்பூர் தாண்டி ராத்திரி எங்க நிறுத்தினா டீசல் டேங்க்கைத் திறப்பாங்க, எங்க நிம்மதியாத் தூங்கலாம், இதையெல்லாம் எந்த ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க? பக்கத்து சீட்ல உக்கார்ந்து பார்த்துத்தான் வரணும்.

சேலம்_பயிற்றுநர்:
அண்ணன் சொன்ன சரக்கு அறிவு, லைன் அறிவு இரண்டையும் நான் மறுக்கவில்லை. "லைசென்ஸ் அப்புறம்" என்பதைத்தான் மறுக்கிறேன். கிளீனராகப் போகும் பையன் கிளீனராகவே இருப்பதில்லை. நள்ளிரவில் டிரைவருக்குக் கண் சொக்கும், ரோடு காலியாக இருக்கும், "கொஞ்ச தூரம் பிடிடா" என்பார். அந்த நேரத்தில் ஒரு விபத்து நடந்தால் பையன் மேல் வழக்கு. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று தெரிந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை ஓனரிடமே வசூலிக்க இன்சூரன்ஸ் கம்பெனி உத்தரவு கேட்கும்.

இன்னொன்று, பள்ளியைத் தவிர்க்கச் சட்டத்தில் வழியே இல்லை. போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல் கொடுக்கும் படிவம் 5 (பயிற்சிச் சான்று) கட்டாயம். எட்டாம் வகுப்புத் தகுதியை 2019ல் நீக்கினார்கள், படிவம் 5ஐ நீக்கவில்லை. ஆகவே எந்தப் பள்ளி என்பதுதான் தம்பி கேட்க வேண்டிய கேள்வி. 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மைய விதிகளைப் பாருங்கள். கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம், வகுப்பும் ஓட்டமும் சேர்த்து. காருக்கே 29 மணி நேரம். நாலு நாளில் முடிப்பதாகச் சொல்கிறவர் உங்களுக்கு விற்பது காகிதத்தை மட்டும்தான்.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? என் கையில் ஸ்டியரிங் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும்? பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியா, பழசா? லோடு ஏற்றி ஓட்ட விடுவீர்களா? இருட்டிய பிறகு வெளியே எடுப்பீர்களா? நாமக்கல்லில் அசோக் லேலண்ட் 1995ல் தொடங்கிய பயிற்சி நிலையம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. இரண்டுக்கும் நேரில் போய் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வடக்குலைன்_பழையவன்:
38 மணி நேரம் சரிங்க. காலி வண்டியில 38 மணி நேரமும், 28 டன் எடையோட தொப்பூர் இறக்கத்துல பத்து நிமிசமும் ஒண்ணாகுமா? பின்னாடி இருந்து லோடு தள்ளும் பாருங்க, அது எப்படின்னு காலி வண்டியில தெரியவே தெரியாது.

சேலம்_பயிற்றுநர்:
தொப்பூரை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன் அண்ணா. அங்கே லாரி கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் கார்கள் மேல் ஏறுவதை வருடா வருடம் பார்க்கிறோம். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இறக்குவது அதற்கு முக்கியமான காரணம். அந்தப் பழக்கம் பையன்களுக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்து சீட்டில் இருந்துதான் வந்தது. நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக்கும் (இன்ஜின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) கியரும் வண்டியைப் பிடிக்காது. மொத்த எடையையும் பிரேக் லைனிங் தாங்க வேண்டும், சூடேறி பிடிப்பை இழக்கும். இதில் மிச்சம் பிடிக்கவும் ஒன்றுமில்லை. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரிகிறது.

வடக்குலைன்_பழையவன்:
கியர்ல இறக்கினா வண்டி இழுத்துப் பிடிக்கும், நியூட்ரல்ல அடிவாரம் தாண்டியும் தூரம் ஓடும். அந்த தூரத்துக்கான டீசல் மிச்சம்தானே. ஆனா நான் செஞ்சது சரின்னு சொல்ல வரலை. அதை ஏன் செய்யறோம்னு கேளுங்க. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரணும்னு ஓனர் கணக்கு வெச்சிருப்பார். குறைஞ்சா பேட்டாவுல (தினப்படியில) பிடிப்பார். நியூட்ரல் போடச் சொல்லிக் குடுக்கறது பக்கத்து சீட்டு இல்லீங்க, கணக்கு நோட்டு.

ஆறுவண்டி_ஓனர்:
எல்லாத்தையும் ஓனர் தலையில கட்டிட்டீங்க, நானும் பேசறேன். எங்கிட்ட ஆறு வண்டி. ஒரு வண்டி நாற்பது லட்சத்துக்கு மேல, மாசம் பொறந்தா தவணை நிக்கும். மைலேஜ் பார்க்காம எப்படித் தொழில் பண்றது? டீசல்தான் பெரிய செலவு. கணக்கு இல்லைன்னா டேங்க்ல இருந்து கேன்ல இறக்கறவனை எப்படிப் பிடிக்கறது? இறக்கத்துல நியூட்ரல் போடுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.

தம்பிக்கு ஒரு உண்மை சொல்றேன். சான்றிதழைக் காட்டினா மட்டும் யாரும் பதினாலு சக்கரத்தை நம்பித் தரமாட்டாங்க. நான் புதுப் பையனை எடுத்தா முதல்ல சங்ககிரி சிமென்ட், கோழித்தீவன லோடுன்னு பக்கத்து ஓட்டம்தான் தருவேன். சாயங்காலம் வண்டி ஷெட்டுக்கு வந்துரும், என்ன உரசல், என்ன சத்தம்னு நானே பார்த்துக்குவேன். ஆறு மாசம் அப்படி ஓட்டினவன் கையில பெங்களூரு, அப்புறம்தான் மகாராஷ்டிரா. லைசென்ஸோட வந்த மறுநாளே வடக்குக்கு அனுப்பற ஓனர்கிட்ட ஏற்கெனவே இருந்த டிரைவர் ஏன் போனான்னு விசாரி.

கிளீனர் வேலைன்னு சொல்றாங்களே, அதுவும் இப்ப எத்தனை வண்டியில இருக்கு? நேஷனல் பர்மிட் (வெளிமாநிலம் ஓடற) வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேணும்ங்கற விதியை 2018ல தளர்த்தினாங்க. வாடகை கட்டுபடியாகாம ஒத்தை டிரைவரை வெச்சு ஓட்டறவங்கதான் அதிகம். பழையவர் கத்துக்கிட்ட அந்தப் பக்கத்து சீட்டு பல வண்டியில காலியாத்தான் போகுது.

வடக்குலைன்_பழையவன்:
அது நிஜம். அந்த சீட்டைக் காலி பண்ணினதுக்கப்புறம்தான் தூங்கி இடிக்கறதும் கூடிப்போச்சுங்கறது என் எண்ணம்.

ஓட்டுநர்மகள்:
பள்ளியைப் பற்றி இத்தனை பேர் பேசிவிட்டீர்கள். ஓனர் கேட்கும் ஒரிஜினல் லைசென்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. தம்பி, அதைக் கொடுக்காதீர்கள். 50,000 அட்வான்ஸும் வாங்காதீர்கள்.

அப்பா வெளிமாநிலத்தில் விபத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அவர் என் வண்டியில் வேலையே செய்யவில்லை" என்று அவருடைய ஓனர் சொன்னார். சம்பளம் கையில் ரொக்கமாகக் கொடுத்ததால் எங்களிடம் ஒரு சீட்டுகூட இல்லை. அட்வான்ஸ் பாக்கி என்று ஒரு நோட்டு மட்டும் அவரிடம் பத்திரமாக இருந்தது, லைசென்ஸும் அவரிடமே இருந்தது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று 1923லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலை செய்தார் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிரிப் ஷீட்டையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு 1961ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொருந்தி வந்தது, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அந்த 1961 சட்டத்தில் இருந்தது. ஆறு வண்டி வைத்திருக்கும் ஐயா, உங்கள் டிரைவர்கள் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள்?

ஆறுவண்டி_ஓனர்:
உங்க அப்பாவுக்கு நடந்தது அநியாயம், அதுல பேச்சே இல்லைம்மா. மணி நேரத்தைப் பத்திக் கேட்டீங்க. 8 மணி நேரத்துல லோடு போய்ச் சேராது. அதுக்கு மேல ஓடறாங்க, அதை மறைக்கல.

லைசென்ஸ் விசயத்துல மட்டும் ஒண்ணு கேக்கறேன். அட்வான்ஸை வாங்கிட்டு விஜயவாடா பக்கத்துல வண்டியை ஓரங்கட்டி, போனை அணைச்சுட்டு ஊருக்கு பஸ் ஏறினவனை நான் பார்த்திருக்கேன். லோடு அப்படியே நின்னுச்சு. எங்களுக்கு என்ன பாதுகாப்பு? டிஜிலாக்கர்ல இருக்கற லைசென்ஸை போலீஸ் ஏத்துக்கணும்னு 2018லயே சொல்லிட்டாங்க. ஒரிஜினல் எங்கிட்ட இருந்தா டிரைவருக்கு என்ன நஷ்டம்?

ஓட்டுநர்மகள்:
வேலையை விட முடியாமல் போவதுதான் நஷ்டம். அடுத்த ஓனர் அட்டையைக் கேட்பார், இவர் "பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்" என்பார். பாக்கி எவ்வளவு என்பது இவர் நோட்டில் மட்டும் இருக்கும். உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் முன்பு வேலை செய்த இடத்தில் விசாரியுங்கள், முகவரிச் சான்றின் நகலை வாங்கி வையுங்கள், வண்டியில் ஜிபிஎஸ் போடுங்கள். ஒருவருடைய பிழைப்புக்கான அட்டையைப் பூட்டி வைக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. வழியில் விட்டுவிட்டு வந்தவருக்கு எத்தனை மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆறுவண்டி_ஓனர்:
எங்கிட்ட நிலுவை இல்லை. ஆனா நீங்க சொல்ற மாதிரி நடக்குற இடங்களும் இருக்குங்கறதை ஒத்துக்கறேன்.

பரமத்தி_டேங்கர்:
நான் கேஸ் டேங்கர் ஓட்டறவன். நாமக்கல்காரப் பையன்கள் நிறையப் பேர், சம்பளம் கூடுதல்னு லைசென்ஸ் வாங்கின கையோட டேங்கருக்கு வரப் பார்க்கறாங்க. அதை மட்டும் செய்யாதே தம்பி. அபாயகரமான சரக்குக்குத் தனியா மூணு நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸ்ல பதியணும். சாதா ஹெவிக்கு அஞ்சு வருசம் செல்லும், இந்தப் பதிவுக்கு மூணு வருசம்தான். ஆனா மூணு நாள்ல டேங்கர் பழகாது. உள்ள இருக்கறது திரவம். டேங்க்கை முழுசா நிரப்பறதில்லை, மேல இடம் விட்டிருப்பாங்க. வளைவுல நீ திருப்பி முடிச்சப்புறமும் அது ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டே இருக்கும். 2025 ஜனவரி 3 விடிகாலையில கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்துல 18 டன் கேஸோட டேங்கர் கவிழ்ந்ததை எல்லாரும் டிவியில பார்த்தோம். சுத்துவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் லீவு விட்டாங்க. சாதா லோடுல நல்லாப் பழகிட்டு அப்புறம் வா.

சேலம்_பயிற்றுநர்:
மிகச் சரி. இதோடு ஓவர்லோடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து சக்கர லாரியின் மொத்த எடை வரம்பை 2018 ஜூலையில் 25 டன்னில் இருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு மேலும் ஏற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலே. அபராதம் யார் கட்டுவது என்று சேரும்போதே கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓனரிடம் ஒரு வண்டி நம்பரைக் கேட்டு வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகள் தெரியும். நிலுவையில் உள்ள அபராதங்களைச் செலான் இணையதளத்தில் பார்க்கலாம். அந்த ஓனர் எப்படி வண்டி ஓட்ட வைக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ராசிபுரம்_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அந்த அட்வான்ஸ் ஓனர்கிட்ட வண்டி நம்பர் கேட்டேன். "உனக்கெதுக்கு அது"ன்னு சத்தம் போட்டார். அவர் ஷெட் முன்னாடி நின்ன வண்டி நம்பரைப் பார்த்துப் போட்டுப் பார்த்தேன். எஃப்சி தேதி முடிஞ்சிருக்கு, இன்சூரன்ஸும் இல்லை. அது வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை மில்லுக்கு லீவு போட்டுட்டு நாமக்கல் பயிற்சி நிலையத்தைப் பார்க்கப் போறேன், பயிற்றுநர் சார் சொன்ன கேள்விகளை எழுதி வெச்சிருக்கேன். மாமாவோட சிநேகிதரை மட்டும் எப்படி மறுக்கறதுன்னு தெரியல.

வடக்குலைன்_பழையவன்:
அவரை ஏன் மறுக்கறே? லைசென்ஸ் எடுத்துட்டு அவர்கிட்டப் போ. சட்டப்படி ஸ்டியரிங் பிடிக்கறவனா, ரெண்டாவது டிரைவரா ஏறு. நாலு மாசம் அவர் பக்கத்துல உக்காரு, லோடு ஏத்தறப்ப கீழ நின்னு பாரு. இறக்கத்துல மட்டும் பயிற்றுநர் சொன்னபடி கியர்ல இறக்கு. டீசல் குறைஞ்சுதுன்னு யார் கேட்டாலும் பரவாயில்ல.

சேலம்_பயிற்றுநர்:
இதில் எனக்கு மறுப்பில்லை அண்ணா. ஆனால் இரண்டாவது டிரைவருக்கும் சம்பளம் உண்டு, அதை முதல் நாளே பேசி வாங்க வேண்டும். கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லிச் சாப்பாட்டோடு நிறுத்தக்கூடாது.

வடக்குலைன்_பழையவன்:
அதெப்படிங்க? ஓட்டத் தெரியாதவனுக்கு முழுச் சம்பளம் எந்த ஓனர் தருவார்? முதல் ரெண்டு மாசம் பேட்டாவும் சாப்பாடும் போதும்.

ஓட்டுநர்மகள்:
போதாது ஐயா. அடிபட்டால் காட்டுவதற்குச் சம்பளக் கணக்கு வேண்டும். தொகை குறைவாக இருந்தாலும் வங்கியில் வரட்டும்.