‘வியூ ஆஃப் லேடீஸ் சீட்’: இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி வர்ற குட்டிச் சொல் எங்கே மாட்டிவிட்டுச்சு?

(இங்க பேசறவங்க புனைபெயரா வெச்சிருக்கிறது எல்லாம் சேலம், ஏற்காடு பக்கத்து இடங்களோட பேர்.)

அடிவாரம்:
ஏற்காட்டுல ஒரு விடுதி. ரூம் கார்டுல அச்சடிச்சிருக்கிற வரி: ‘ரூம் வித் வியூ ஆஃப் லேடீஸ் சீட்’. சொல்ல வந்தது, லேடீஸ் சீட்ங்கிற காட்சி முனையில நின்னா தெரியுற மாதிரியே இந்த ஜன்னல்லயும் சேலம் தெரியும்னு. பெங்களூர்க்காரர் ஒருத்தர் ராத்திரி திரையை விலக்குறார். கீழே சேலம் முழுக்க விளக்கு. அதை விட்டுட்டு, “லேடீஸ் சீட் எந்தப் பக்கம்?”னு வரவேற்புல கேட்டுட்டு நிக்கிறார். அவர் மேல தப்பே இல்லை. ‘வியூ’வுக்கு அப்புறம் ‘ஆஃப்’ வந்தா அது கண்ணுல படுற பொருள், ‘ஃப்ரம்’ வந்தா நாம நிக்கிற இடம். ‘எ வியூ ஆஃப் சேலம் ஃப்ரம் லேடீஸ் சீட்’னு ரெண்டையும் சேர்த்தே எழுதலாம். தமிழ்ல ‘லேடீஸ் சீட் காட்சி’ன்னா ரெண்டு அர்த்தத்துக்கும் ஓடிடும். வம்பே அங்கதான்.

செவ்வாய்ப்பேட்டை:
கொலுசு ஆர்டர் தாள்ல ‘டெலிவரி இன் டென் டேஸ்’. கடைக்காரர் மனசுல இருந்தது பத்து நாளுக்குள்ள, முடிய முடிய அனுப்பணும்னு. பட்டறை படிச்சது பத்தாவது நாள்னு. எட்டாம் நாள் காலையில கடைக்காரர் வாசல்ல நிக்கிறார், உள்ளே கொலுசுக்குச் சலங்கையே வைக்கலை. தமிழ்ல ‘பத்து நாள்ல’ ரெண்டு பக்கமும் சாயும். இங்கிலீஷ் ‘இன்’னும் அதே மாதிரி சாயுற ஆள்தான், ஆனா வரப்போற விஷயத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் ‘இன்னைக்கிலிருந்து பத்து நாள் கழிச்சு’ பக்கம் சாயும். ‘க்குள்ள’ன்னு அடிச்சுச் சொல்லணும்னா ‘விதின் டென் டேஸ்’. அதைவிடப் பத்திரம் தேதியையே போட்டுடறது: ‘டெலிவரி பை 20 மே’.

அதே தாள்ல கீழே ‘பேமென்ட் டில் 15’னு வேற. ‘டில்’ வர்றது நீண்டுட்டே போற பெயர்ச்சொல்லுக்கு. டிஸ்கவுண்ட் டில் 15, ஸ்டே டில் சண்டே, லீவ் டில் ஃப்ரைடே எல்லாம் சரி. பேமென்ட், டெலிவரி, ரிப்ளை இதெல்லாம் ஒரு தடவை நடந்து முடியுறது, அதுக்கு ‘பை’. நம்ம ‘வரை’யும் ‘க்குள்’ளும் அச்சு அசலா இதே பிரிவுதான். தமிழ்ல தப்பே பண்ணாத ஆளுங்க அங்க போய் ஏன் தடுக்கி விழறாங்கன்னு தெரியலை.

ஐந்து ரோடு:
காபி எஸ்டேட் கேட்ல பலகை: ‘நோ என்ட்ரி இன் எஸ்டேட்’. என்ட்ரிக்கு ‘டு’, இல்லாட்டி ‘இன்டு’. இது எதனாலன்னா, ‘என்டர் த ரூம்’னு வினையா இருக்கும்போது நடுவுல ஒண்ணும் வேண்டாம். பெயர்ச்சொல்லா மாறின உடனே ஒரு பாலம் கேட்கும்: ‘என்ட்ரி டு த ரூம்’. விசிட்டும் அப்படித்தான். ‘விசிட் ஏற்காடு’ வினை, ‘எ விசிட் டு ஏற்காடு’ பெயர். அப்ரோச், ஆன்சர், டேமேஜ் மூணுக்கும் இதே ‘டு’. ‘டேமேஜ் ஆஃப் த கார்’னு இன்சூரன்ஸ் தாள்ல எழுதறவங்க இதைப் பார்த்துக்கோங்க. அரைவலுக்கு மட்டும் ‘டு’ ஆகாது: ‘அரைவல் இன் சேலம்’, ‘அரைவல் அட் சேலம் ஜங்ஷன்’. ரொம்பக் குழப்பிக்காதீங்க. பெரிய ஊருன்னா ‘இன்’, சின்ன இடம்னா ‘அட்’. முடிஞ்சது.

கொண்டை ஊசி 14:
மேல சொன்ன நண்பருக்கு: முடியலைங்க. ஊர் பெருசா சின்னதாங்கறது கணக்கே இல்லை. ‘த ஸ்டாப் அட் சேலம்’னு ரயில் அட்டவணையில வரும். சேலம் சின்ன ஊரா? ரயிலுக்கு அது கோட்டு மேல ஒரு புள்ளி, அதனால ‘அட்’. ‘த மார்க்கெட் இன் சேலம்’னா ஊருக்கு உள்ளே இருக்குது, அதனால ‘இன்’. ஊர் ஒண்ணுதான், பார்க்கிற பார்வை வேற.

மலை ரோட்டுலயே பாருங்க. ‘எ பெண்ட் இன் த ரோடு’ன்னுதான் சொல்லணும். வளைவுங்கறது ரோட்டு மேல கொண்டுவந்து வெச்ச பொருள் இல்லை, ரோடே வளையுது. குழியும் அப்படித்தான், ‘எ ஹோல் இன் த ரோடு’. பாறை உருண்டு விழுந்து கிடந்தா ‘எ ராக் ஆன் த ரோடு’. விபத்துன்னா ‘ஆன் அக்ஸிடென்ட் ஆன் த காட் ரோடு, அட் த ஃபோர்டீன்த் பெண்ட்’. ரோடு பரப்பு, வளைவு புள்ளி.

ஐந்து ரோடு:
அப்போ ‘ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ் ஆன் த ரோடு டு ஏற்காடு’ தப்பா? எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க.

கொண்டை ஊசி 14:
தப்பில்லை. அங்க வளைவோட வடிவத்தைச் சொல்லலை, போற வழியில எண்ணிக்கிட்டே போறீங்க. எண்ணினா ‘ஆன்’, வளையுற ஒத்தை வளைவைப் பத்திப் பேசினா ‘இன்’. அதோட ‘ரோடு டு ஏற்காடு’ல அந்த ‘டு’வையும் கவனிங்க. அங்க ‘ஆஃப்’ போட்டா அந்த ரோடு ஏற்காட்டுக்குச் சொந்தமான மாதிரி ஆயிடும்.

அஸ்தம்பட்டி:
‘லீவ் ஃப்ரம் 12 டு 14’. ஆபீஸ்ல ரெண்டு நாள்னு கழிச்சாங்களா மூணு நாள்னு கழிச்சாங்களான்னு ஒரு வாரம் பஞ்சாயத்து. 14 உள்ளேயா வெளியேயான்னு ‘டு’ சொல்லாது. அமெரிக்காக்காரங்க ‘12 த்ரூ 14’னு போட்டு முடிச்சுக்குவாங்க. நம்ம ஊர்ல ‘போத் டேஸ் இன்க்ளூசிவ்’னு பின்னாடி சேர்த்துடுங்க. ‘பிட்வீன்’ போட்டீங்கன்னா நடுவுல ‘அண்ட்’தான் வரணும், ‘டு’ வராது.

குகை:
கோடை விழா சமயத்துல கண்ல பட்ட நோட்டீஸ்: ‘த ஃப்ளவர் ஷோ விச் இஸ் கோயிங் டு பி ஹெல்ட் இன் ஆன் நெக்ஸ்ட் சண்டே’. ‘இன்’னும் ‘ஆன்’னும் பக்கத்துல பக்கத்துல. எதை எடுக்கறதுன்னு தெரியாம ரெண்டையும் விட்டுட்டாங்க போல. எடுக்க வேண்டியது ரெண்டையுமே. நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி முன்னாடி இருந்தா நாளுக்கு ஒண்ணும் வேண்டாம்: ‘த ஃப்ளவர் ஷோ நெக்ஸ்ட் சண்டே’.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். அந்த ‘விச் இஸ் கோயிங் டு பி’ எங்கேர்ந்து வருதுன்னா தமிழ்லேர்ந்து. நமக்குப் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி ஒரு எச்சம் வேணும்: ஞாயித்துக்கிழமை நடக்கிற கூட்டம், ஏற்காட்டுல இருக்கிற வீடு, சேலத்துலேர்ந்து போற பஸ். அந்த ‘நடக்கிற’, ‘இருக்கிற’, ‘போற’ மூணையும் அப்படியே தூக்கிட்டுப் போய் இங்கிலீஷ்ல இறக்கிடறோம். அங்க வினை தேவையில்லை, பெயருக்குப் பின்னாடி குட்டிச் சொல் ஒண்ணு போதும். அதனால முதல்ல தமிழ் வரியை எழுதி அந்த எச்சத்தை அடிச்சிடுங்க. மிச்சம் இருக்கிற உருபைப் பாருங்க. ‘லேர்ந்து’ன்னா ஃப்ரம், ‘க்கு’ன்னா பெரும்பாலும் டு. ‘ல’ன்னா மட்டும் நின்னு யோசிங்க: உள்ளேயா, மேலயா, புள்ளியா. நேரத்துக்கும் அதே மூணுதான். மணின்னா அட், கிழமையோ தேதியோன்னா ஆன், மாசமோ வருஷமோன்னா இன்.

பத்திரிகை அடிக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். ‘இன் த மார்னிங்’ சரி. கூடவே தேதி வந்துட்டா ‘இன்’ போயிடும்: ‘த வெட்டிங் ஆன் த மார்னிங் ஆஃப் 9 மே’. ராத்திரின்னா ‘அட் நைட்’, தேதி சேர்ந்தா ‘ஆன் த நைட் ஆஃப் 9 மே’. காலை, சாயந்திரம், ராத்திரி எதுவா இருந்தாலும் தேதி வந்து உட்கார்ந்தா அது ஒரு குறிப்பிட்ட நாளோட துண்டு, அதனால நாளுக்குரிய ‘ஆன்’. அப்புறம் மண்டபத்துக்கு ‘அட்’ போடுங்க, நிகழ்ச்சி நடக்கிற இடம் அது. ‘இன்’ போட்டா கட்டடத்துக்கு உள்ளேங்கறது மட்டும்தான் ஓங்கி நிக்கும், சாப்பாட்டுப் பந்தல் வெளியே இருந்தா பந்திக்கு யார் வர்றது!

செவ்வாய்ப்பேட்டை:
குகை அண்ணா, நோட்டீஸ் பத்தி மூணு வரி, பாடம் முப்பது வரி.

அடிவாரம்:
அந்த விடுதியில கார்டை மாத்தி அடிச்சுட்டாங்க. இப்போ: ‘ரூம் வித் வியூ ஃப்ரம் லேடீஸ் சீட்’.

கொண்டை ஊசி 14:
இனி விருந்தாளி ரூம்ல பையை வெச்சுட்டு, காட்சி பார்க்க லேடீஸ் சீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். ‘ரூம் நியர் லேடீஸ் சீட், வித் எ வியூ ஆஃப் சேலம்’னு எழுதிக் கொடுங்க.