இன்டிகேட்டர் போட்டா ஆர்பிஎம் முள்ளும் துள்ளுது, எதைப் பார்க்கணும்?

கேட்டவர்:
வணக்கம். அப்பா ஓட்டின 2004 மாடல் 150 சிசி வண்டி. ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுறது) முள் வச்சதுதான், ஆனா கேபிள் கிடையாது, ஒயர்ல ஓடுறது. ஐடிலிங்ல 1,400ல ஒழுங்கா நிக்குது. இன்டிகேட்டர் போட்டா அது மின்ன மின்ன முள்ளும் துள்ளுது. 5,000 தாண்டினா திடீர்னு 9,000 காட்டிட்டு பூஜ்யத்துல விழுது. இன்ஜின் சத்தம் மாறவே இல்ல. மெக்கானிக் மீட்டர் செட்டையே மாத்தணும்ங்கிறார். அப்பா ஓட்டின கிலோமீட்டர் அதுலதான் இருக்கு, மனசு வரல.

பதில் 1:
மீட்டர்ல கை வைக்காதீங்க தம்பி. இன்டிகேட்டரோட சேர்ந்து துள்ளினா முதல் சந்தேகம் எர்த்துதான், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புற இணைப்பு. ரெண்டுக்கும் எர்த் ஒண்ணாத்தான் போகும். அந்த ஜாயின்ட் சரியில்லன்னா பல்பு எரியுறப்பல்லாம் மீட்டருக்கு வோல்ட் குறையும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை மீட்டர் எர்த் ஒயர்லயும் வைங்க. இன்டிகேட்டர் எரியுறப்ப 0.1 கிட்ட இருந்தா நல்லது. சமீபத்துல பெயிண்ட் அடிச்சீங்களா?

கேட்டவர்:
0.9 வருதுண்ணே. போன தீபாவளிக்கு சேஸிஸ் முழுக்க பெயிண்ட் அடிச்சோம்.

பதில் 1:
அப்ப டேங்கைக் கழட்டி எர்த் போல்ட்டைப் பாருங்க.

பதில் 2:
5,000க்கு மேல தாவுறது தனிக் கோளாறா இருக்கலாம். இக்னிஷன் துடிப்பை, அதாவது ஸ்பார்க் கொடுக்கிற மின் துடிப்பை எண்ணித்தான் மீட்டர் ஆர்பிஎம் காட்டுது. ஸ்பார்க்கோட இரைச்சல் கலந்தா அதையும் சேர்த்து எண்ணிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்பார்க் பிளக்லயோ அது மேல மாட்டுற கேப்லயோ ரெசிஸ்டர் (மின் தடை) இருக்கு. என்ஜிகே பிளக்னா நம்பர்ல ஆர் எழுத்து இருக்கான்னு பாருங்க, கேப்பையும் அளந்து பாருங்க, பெரும்பாலும் 5 கிலோ ஓம் இருக்கும். 5,000ல பேட்டரி வோல்ட் 15ஐத் தாண்டினா சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சுன்னு அர்த்தம்.

கேட்டவர்:
சரியாயிடுச்சு! எர்த் வளையத்துக்கு அடியில கறுப்பு பெயிண்ட் வழவழன்னு ஒட்டியிருந்துச்சு, போல்ட் மரையில மட்டும்தான் கரண்ட் பிடிச்சிருக்கு. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு முறுக்கினேன். இப்ப 0.04. இன்டிகேட்டர் துள்ளல் நின்னுடுச்சு, ஆனா 5,000 தாவல் போகல. பேட்டரி 14.2தான். பிளக் நம்பர்ல ஆர் இல்ல, கேப்பை அளந்தா பூஜ்யம் ஓம். 5 கிலோ ஓம் கேப் வாங்கி மாட்டினேன். நேத்து பைபாஸ்ல 7,000 வரைக்கும் இழுத்தேன், முள் ஒரே சீரா ஏறி இறங்குச்சு. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே. அப்பாவோட 61,000 கிலோமீட்டர் அப்படியே இருக்கு.