'லேப்டு', 'புல்டு': சைக்ளோகிராஸ் தொடக்கநிலைப் போட்டிக் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் (கலைச்சொல் விவாதம்)

மடல் 1 – கையேட்டை எழுதுபவர்

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

சிறுவர்களையும், முதன்முறையாகப் போட்டிக்கு வரும் பெரியவர்களையும் சைக்ளோகிராஸ் விளையாட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்று அமைப்பாளர்களுக்குச் சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். புல், சேறு, மணல் கலந்த மூடிய தடத்தில் பலமுறை சுற்றிவந்து, தேவையான இடங்களில் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் மிதிவண்டிப் போட்டி இது. விளையாட்டின் பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டேன். 'சேற்றோட்டம்' என்று ஒருவர் தனிமடலில் பரிந்துரைத்திருந்தார். காய்ந்த புல்வெளியிலும் மணலிலும் உறைபனியிலும் நடக்கும் போட்டிக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. தடத்தின் குறுக்கே நிற்கும் பலகைகளுக்குத் 'தடைப்பலகை', பழுதான வண்டியை மாற்றிக்கொள்ளும் இடத்துக்கு 'வண்டி மாற்றிடம்' என்று எழுதிவிட்டேன். இவற்றில் பெரிய கருத்து வேறுபாடு எழாது என்று நம்புகிறேன்.

பிரிவுகளின் பெயரில் சற்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. 'இளையோர்' என்பது வயதைக் குறிப்பது. 'தொடக்கநிலை' என்பது அனுபவத்தைக் குறிப்பது. இரண்டையும் ஒன்றாக எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜூனியர் உலகப் பட்டத்தை வென்ற நெதர்லாந்து வீரர் மத்யூ வான்டெர் பூல் அப்போது வயதால் இளையர். அவரைத் தொடக்கநிலையாளர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாற்பது வயதில் முதல் போட்டிக்கு வந்து நிற்பவரோ தொடக்கநிலையாளர். அவர் இளையோர் பிரிவில் சேரமுடியாது. ஆகவே இரண்டு சொற்களையும் தனித்தனியே வைத்து, 'கற்றுக்குட்டி', 'புதுமுகம்' ஆகியவற்றைத் தவிர்த்திருக்கிறேன். முன்னதில் ஏளனம் தொனிக்கிறது. பின்னது திரைப்படச் செய்தியை நினைவூட்டுகிறது.

எனக்கு உண்மையில் தீர்வு தேவைப்படுவது 'லேப்டு', 'புல்டு' என்ற இரண்டு சொற்களுக்கு. மூடிய தடத்தில் பலமுறை சுற்றிவரும் போட்டியில், முன்னணியில் செல்பவர் ஒரு முழுச் சுற்று அதிகமாக ஓட்டிப் பின்னால் வருபவரையே கடந்து போனால், கடக்கப்பட்டவர் 'லேப்டு'. அவரை நடுவர்கள் தடத்திலிருந்து இறக்கிவிட்டால் அவர் 'புல்டு'. முதலாவதற்குச் 'சுற்றிழந்தவர்' என்றும், இரண்டாவதற்கு 'வெளியேற்றப்பட்டவர்' என்றும் எழுதிப் பார்த்திருக்கிறேன். முதல் போட்டி முடித்து வீட்டுக்குப் போகும் ஒரு குழந்தையின் முடிவுத்தாளில் அச்சாகப் போகும் சொற்கள் இவை என்பதால் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.


மடல் 2 – போட்டி நடுவராகப் பணியாற்றுபவர்

வணக்கம். 'வெளியேற்றப்பட்டவர்' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தொனியின் பொருட்டு இதைச் சொல்லவில்லை. விதிப்படியே அது பொருந்தாத சொல்.

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் விதிகளின்படி தடத்தின் நீளம் 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரை இருக்கும். அகலம் குறைந்தது 3 மீட்டர். அந்த 3 மீட்டர் அகலத்தில், ஈரமான சரிவிலோ மணலிலோ, முன்னணிப் போட்டியாளர் ஒருவர் மெதுவாகச் செல்பவரைக் கடப்பதற்கு ஒரே ஒரு நல்ல வழித்தடம்தான் இருக்கும். முன்னணிப் போட்டியின் முடிவை அதற்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தற்செயலாக மாற்றிவிடக்கூடாது என்பதற்காகவே எண்பது விழுக்காட்டு விதி ஏற்பட்டது. முதலிடத்தில் இருப்பவர் முதல் சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் 80 விழுக்காட்டைக் கணக்கிடுகிறோம். எவருடைய பின்னடைவு அந்த அளவை எட்டுகிறதோ அவர், அந்தச் சுற்றின் இறுதியில், முடிவுக்கோட்டுக்கு முந்தைய நேர்ப்பாதை தொடங்கும் முன் அமைந்த வாயில் வழியாகத் தடத்தை விட்டு நீங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 7 நிமிடம் ஆகும் தடத்தில் அந்த அளவு 5 நிமிடம் 36 விநாடி. அதாவது முன்னணியாளர் அவரை நேரில் கடந்துபோகும் நிலை வருவதற்குச் சற்று முன்பே அவர் தடத்திலிருந்து எடுக்கப்படுகிறார்.

அப்படி நீங்கியவருக்கு முடிவுப்பட்டியலில் இடம் உண்டு. எத்தனையாவது ஆளாக நீங்கினார், இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்பதைக் கொண்டு அவருடைய வரிசை எண் வழங்கப்படுகிறது. தானாக விலகியவருக்கு அந்த இடம் இல்லை. விதி மீறியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டவருக்கும் இல்லை. தமிழில் 'வெளியேற்றம்' என்றால் படிப்பவர் மனத்தில் தோன்றுவது மூன்றாமவருடைய நிலைதான். ஒரு தந்தை மகளின் முடிவுத்தாளில் 'வெளியேற்றப்பட்டார்' என்று பார்த்தால், அவள் என்ன தவறு செய்தாள் என்று என்னிடம் கேட்பார்; கேட்பதில் நியாயமும் இருக்கும்.

எனவே 'முன்முடிப்பு' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். மற்றவர்களுக்கு முன்னதாகவே அவருடைய போட்டி முடிக்கப்பட்டது, ஆனாலும் முடிந்த போட்டியாகவே கணக்கில் சேர்கிறது என்ற இரண்டு செய்திகளும் அதில் அடங்குகின்றன. 'முன்முடிப்பு, விலகல், தகுதிநீக்கம்' என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எல்லை தெளிவாகவே விளங்கும்.

'லேப்டு' என்பதற்கு 'இழந்தவர்' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் வேண்டாம். ஓட்டாத சுற்றை ஒருவர் எப்படி இழக்க முடியும்? 'சுற்றுக்குறை' என்று வைத்தால், 'சுற்றுக்குறை 1', 'சுற்றுக்குறை 2' என்று பட்டியலில் எண்ணோடு எழுத வசதியாக இருக்கும்.


மடல் 3 – மொழியாசிரியர்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். 'முன்முடிப்பு' நன்று, முற்பகல், முன்பதிவு போன்ற சொற்களின் அமைப்பிலேயே நிற்கிறது. 'சுற்றுக்குறை'யில் மட்டும் எனக்கு ஐயம் உண்டு. குறை என்பது எண்ணிக்கைக் குறைவையும் காட்டும், குற்றத்தையும் காட்டும். ஆளைக் குறித்து வரும்போது இரண்டாவது பொருளே முந்திக்கொள்ளும். பட்டியல் பதிவுசெய்வது இன்னும் ஓட்டப்படாமல் எஞ்சியிருக்கும் சுற்றுகளை என்றால், 'எஞ்சுசுற்று' என்று வினைத்தொகையாகவே வைக்கலாம். வல்லினம் மிகாது. 'எஞ்சுசுற்று 1' என்று எழுதினால் அது தடத்தைப் பற்றிய கணக்காகவே நிற்கும், ஆளைப் பற்றிய தீர்ப்பாகாது.

கடந்துபோகும் செயலுக்குச் 'சுற்றுமுந்தல்' போதும். 'முதலிடத்தில் இருந்தவர் நால்வரைச் சுற்றுமுந்தினார்' என்று வினையாகவும் வரும். 'சுற்றுமுந்தப்பட்டவர்' என்ற நெடிய செயப்பாட்டு வடிவத்தைக் கையேட்டில் எங்கும் எழுதாதிருப்பது மொழிக்கும் நல்லது, படிப்பவரின் மூச்சுக்கும் நல்லது.


மடல் 4 – இளையோர் பயிற்சியாளர்

குழுமத்தாருக்கு வணக்கம். 'முன்முடிப்பு' என்ற சொல்லை நானும் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சொல்லுக்குத் தொடக்கநிலைப் போட்டியில் வேலையே இருக்கக்கூடாது என்பது என் கருத்து. அதற்கு மாற்றாக அங்கே நடக்கவேண்டியது எதுவோ, அதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். இதைக் கணக்கோடு விளக்குகிறேன்.

சிறுவர் போட்டி ஒன்று ஏறத்தாழ 20 நிமிடத்துக்குத் திட்டமிடப்படுகிறது என்று கொள்வோம். முன்னால் செல்லும் சிறுமி ஒரு சுற்றை 6 நிமிடத்தில் முடிக்கிறாள். நடுவர்கள் நான்கு சுற்று என்று முடிவுசெய்கிறார்கள். அவள் 24ஆம் நிமிடத்தில் போட்டியை முடிப்பாள். கடைசியில் வரும் சிறுவனுக்கு ஒரு சுற்றுக்கு 9 நிமிடம் ஆகிறது. எண்பது விழுக்காட்டு விதியின்படி அளவு 4 நிமிடம் 48 விநாடி. முதல் சுற்றின் முடிவில் அவன் 3 நிமிடம் பின்னால் இருப்பதால் தப்பிவிடுகிறான். இரண்டாவது சுற்றின் முடிவில் பின்னடைவு 6 நிமிடமாகிவிடுவதால் ஏறத்தாழ 18ஆம் நிமிடத்தில் அவனை இறக்கிவிடுவார்கள். எல்லோரும் நான்கு சுற்றையும் ஓட்டியே ஆகவேண்டும் என்று வைத்தாலோ, அவன் 36ஆம் நிமிடம் வரை தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பான். அடுத்த பிரிவினர் புறப்பாட்டுக் கோட்டில் குளிரில் நின்றுகொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது முறை ஒன்று உண்டு. முதலாவதாக வந்தவள் முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகு, அடுத்தடுத்து அந்தக் கோட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும், அவர் எத்தனையாவது சுற்றில் இருந்தாலும், போட்டி அங்கேயே முடிகிறது. நம் சிறுவன் 27ஆம் நிமிடத்தில் மூன்றாவது சுற்றை நிறைவுசெய்து, கொடியைப் பார்த்து, கைத்தட்டலோடு கோட்டைக் கடப்பான். அவனுடைய பதிவு எஞ்சுசுற்று 1. முதலாமவளுக்கும் அவனுக்கும் இடையே காத்திருந்த நேரம் 3 நிமிடந்தான்.

பயிற்சியாளராக இந்த வேறுபாட்டை நான் மிகவும் பெரிதாகக் கருதுகிறேன். 18 நிமிடம் ஓட்டியவனுக்கும் 27 நிமிடம் ஓட்டியவனுக்கும் இடையே முழுதாக ஒரு சுற்று இருக்கிறது: ஒருமுறை கூடுதலாக வண்டியிலிருந்து இறங்கி ஓடுவதும், வண்டியைத் தோளில் தூக்குவதும், மறுபடி ஏறி அமர்வதும், மணலில் சக்கரத்தை நேராக வைத்திருக்கப் பழகுவதும் அந்தச் சுற்றில்தான் நடக்கின்றன. மெதுவாக ஓட்டுபவனுக்கே இந்தப் பயிற்சி அதிகம் வேண்டும். எண்பது விழுக்காட்டு விதி அவனுக்கே அதைக் குறைத்துவிடுகிறது. முன்னணிப் போட்டிக்கு அந்த விதி வேண்டியதுதான். நடுவர் ஐயா சொன்ன காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அப்படியே குழந்தைகள் போட்டிக்கு இறக்குவது, விதி எதற்காக வந்தது என்பதை மறந்த செயல்.

இந்த மூன்றாவது முறைக்கு 'ஒருங்குமுடிப்பு' என்று பெயர் வைக்கலாமா? எல்லோருடைய போட்டியும் ஒரே கொடியின்கீழ் ஒருங்கே முடிகிறது என்ற பொருளில் சொல்கிறேன்.

தொடர்புள்ள இன்னொரு செய்தி. தொடக்கநிலையாளர்களையும் விரைவான பிரிவினரையும் ஒரே நேரத்தில் தடத்தில் விடும்போதுதான் சுற்றுமுந்தல் அச்சமூட்டுவதாக மாறுகிறது. பிரிவுகளை ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் புறப்படவிடுவதனால் முதல் வளைவில் ஏற்படும் நெரிசல் குறையும், சுற்றுமுந்தல் குறையாது. அதனால் முந்துபவர் எந்தப் பக்கமாக வருகிறார் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும், முந்தப்படுபவர் தன் வழியை விட்டுத் திடீரென்று விலகக்கூடாது என்ற இரண்டையும் புறப்படும் முன் எல்லாப் பிரிவினருக்கும் சொல்ல வேண்டும். ஒதுங்கி நிற்கும் கடமை குழந்தைக்கு இருக்கிறது என்று பல பெரியவர்கள் எண்ணுகிறார்கள். பதற்றத்தில் ஒதுங்கும் குழந்தைதான் மோதலுக்குக் காரணமாகிறது. நேராகப் போய்க்கொண்டிருப்பவனைக் கடப்பது எளிது.


மடல் 5 – நடுவரின் சிறுகுறிப்பு

'ஒருங்குமுடிப்பு' எனக்கு உடன்பாடே. ஒருங்கே என்றால் ஒரே நொடியில் என்று யாரேனும் கொள்ளக்கூடும். விளக்கவரி ஒன்று அதைச் சரிசெய்துவிடும். கையேட்டின் இளையோர் அத்தியாயத்தில் மகளிரைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உலகப் போட்டி 1950 முதல் நடந்துவந்தாலும் மகளிருக்கான உலகப் பட்டம் 2000இல்தான் வந்தது; 23 வயதுக்குட்பட்ட மகளிர் பிரிவு 2016இலும், ஜூனியர் மகளிர் பிரிவு 2020இலும் சேர்க்கப்பட்டன. ஜூனியர் ஆண்களுக்கு 1979 முதலே உலகப் பட்டம் இருந்திருக்கிறது. தனிப்பிரிவு இல்லாத இடத்தில் பதினேழு வயதுப் பெண் மூத்தோரோடுதான் புறப்பட வேண்டும். அவள் பெயருக்கு எதிரே முன்முடிப்பு வருமா வராதா என்பது அவளுடைய திறமையைவிடப் பிரிவுகளின் அமைப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது. உள்ளூர் அமைப்பாளர் ஐந்து பெண்களே வந்தாலும் அவர்களுக்குத் தனி முடிவுப்பட்டியல் போடலாம்; அதற்குத் தனிப் புறப்பாடுகூடத் தேவையில்லை.

'போட்டி வயது' என்பதையும் விளக்கிவிடுங்கள். பருவம் ஓர் ஆண்டின் இலையுதிர்காலத்தில் தொடங்கி மறு ஆண்டில் முடிவதால், பன்னாட்டு விதிப்படி, அந்த மறு ஆண்டின் ஜனவரி முதல் நாளில் எந்தப் பிரிவுக்கு உரியவராக இருப்பாரோ அந்தப் பிரிவிலேயே பருவம் முழுவதும் ஓட்ட வேண்டும். பெற்றோர்களிடமிருந்து எங்களுக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.


மடல் 6 – கையேட்டை எழுதுபவர்

அனைவருக்கும் நன்றி. நான்கு சொற்களையும் ஏற்றுக்கொண்டு, தொடக்கநிலைப் போட்டிகள் பற்றிய அத்தியாயத்துக்கு எழுதிய வரைவைக் கீழே தருகிறேன். மகளிர், போட்டி வயது ஆகியவற்றுக்குத் தனிப் பத்திகள் எழுதிவருகிறேன். தடக்காவலர்கள் குழந்தைகளிடம் பேசும்போது இந்தக் கலைச்சொற்கள் எதையும் சொல்லத் தேவையில்லை, 'இது உன் கடைசிச் சுற்று' என்றால் போதும் என்ற குறிப்பை ஓரத்தில் அச்சிடப் போகிறேன்.

"இளையோர், தொடக்கநிலைப் பிரிவுகளில் ஒருங்குமுடிப்பைப் பின்பற்றவும். முதலாவதாக வருபவர் தமக்குரிய சுற்றுகளை முடித்துக் கோட்டைக் கடந்த பின்னர், அந்தக் கோட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் போட்டி அத்துடன் முடிகிறது. சுற்றுமுந்தல் நிகழ்ந்தாலும் எவரையும் தடத்திலிருந்து இறக்க வேண்டாம். ஓட்டாமல் நின்ற சுற்றுகளை முடிவுப்பட்டியலில் எஞ்சுசுற்று என்ற தலைப்பின்கீழ் எண்ணாக மட்டும் குறிக்கவும். பொழுது சாய்தல், காயம், வானிலை ஆகியவற்றால் ஒருவருடைய போட்டியை இடையில் நிறுத்த நேர்ந்தால் அதை முன்முடிப்பு என்று பதிந்து, அவருக்குரிய இடத்தை வழங்கவும்."

இந்த வரைவின் கடைசி வரியில் காயத்தைச் சேர்த்தது சரியா, அல்லது அது விலகலின்கீழ் வரவேண்டுமா என்பதை மட்டும் நடுவர் ஐயா தெரிவித்தால் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.