புதுப்பிப்பு: காலிஃபிளவர் சாதம் உதிரியாக வந்துவிட்டது

சர்க்கரை உள்ள அப்பாவுக்காக அரிசிக்குப் பதில் துருவிச் சமைக்கும் காலிஃபிளவர் குழைந்துபோகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து, அகலமான இரும்புச் சட்டியில் மூடாமல் பெரிய தீயில் வதக்கச் சொன்ன யோசனைதான். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலிலேயே போட்டால் நீர் விடும். அப்புறம் கடுகு, கறிவேப்பிலை தாளித்து எலுமிச்சை பிழிந்தால் அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

எதிர்பாராதது ஒன்று. 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம், காலிஃபிளவரில் 5தான். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்ததால் சாயங்காலம் அவருக்கு வியர்த்து, கை நடுங்கியது, பார்த்தால் சர்க்கரை 64-க்கு இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.