புரொஜெக்டர் வாங்கியவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: எது உருப்படி, எது ஏமாற்று?

மொட்டைமாடி_மதுரை

நான் வாங்கிய புரொஜெக்டரின் பெட்டியில், வெளிச்சத்தின் அளவு 9000 லூமென்ஸ் என்று போட்டிருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பொங்கல் லீவுக்கு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். ஹால் சுவரில் 100 இன்ச்சுக்குப் படம் போட்டுக் காட்டினேன். பாதிப் படத்தில் குழந்தை அழுததும் அக்கா எழுந்து டியூப்லைட்டைப் போட்டாள். அவ்வளவுதான், சுவரில் படமே இல்லை. சுண்ணாம்பும் பழைய காலண்டர் ஆணியும்தான் தெரிந்தன. அத்தான் ஒன்றும் சொல்லாமல் போனைக் கையில் எடுத்தார். அதுதான் உறுத்துகிறது.

சித்தப்பா பையன் மில்லில் சேஃப்டி வேலை பார்க்கிறான். அவனிடம் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டரை இரவல் வாங்கினேன். முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அளந்தோம். நட்டநடுவில் 118 லக்ஸ். மூலைகளில் 56. ஒன்பதுக்கும் சராசரி 75. 100 இன்ச் திரை 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம், பரப்பு 2.76 சதுர மீட்டர். சராசரியைப் பரப்பால் பெருக்கினால் 207 லூமென்ஸ். ஆன்சி லூமென்ஸ் என்று சொல்வது கிட்டத்தட்ட இந்தக் கணக்கைத்தான். பெட்டியில் ‘ஆன்சி’ என்ற சொல்லே இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கவிதா_கோவை

எங்கள் வீட்டில் வெளிச்சம் குறையில்லை. ஆன்சி 600 என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள், உள்ளே படம் உருவாகிற பேனலும் நிஜமான 1080பி. பென்டிரைவில் எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டால் மாமியார் புடவையின் ஜரிகை இழை இழையாகத் தெரியும். அதே மெஷினில் நெட்பிளிக்ஸைத் திறந்தால் முகமெல்லாம் குழம்பிப் போய்விடும்.

ஒரு மாதம் வைஃபையைத் திட்டினோம். பிளானை மாற்றினோம், ரௌட்டரை ஹாலுக்கு நகர்த்தினோம். கடைசியில் தம்பி டிஆர்எம் இன்ஃபோ என்ற செயலியைப் போட்டுப் பார்த்தான். படத்தை நகல் எடுக்க விடாத வைட்வைன் என்ற பூட்டு, கீழ்மட்டமான எல்3 என்று வந்தது. மேல்மட்டமான எல்1 இல்லாத மெஷினுக்கு நெட்பிளிக்ஸ் 480பி-க்கு மேல் தராது. வாங்கும்போது ரெசல்யூஷன் கேட்டோம், வாரண்டி கேட்டோம், இதைக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. நல்ல லென்ஸ், நல்ல பேனல், மென்பொருள் மட்டும் இப்படி.

திருப்பூர்_பனியன்

கவிதா மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களோடது பிரச்சினையே இல்ல. நாலஞ்சாயிரத்துல ஒரு டிவி ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐ-ல சொருகுங்க, முடிஞ்சுது. மென்பொருளை எப்ப வேணா மாத்திக்கலாம், லென்ஸையும் பேனலையும் மாத்த முடியாது. என் கதை அதுதான்.

எங்க ஊர்ல காத்துலயே பஞ்சு பறக்கும். நான் வாங்கினது ஒத்தை எல்சிடி பேனல் வெச்சது, ஆப்டிக்கல் இன்ஜின், அதாவது பேனலும் லென்ஸும் இருக்கிற பகுதி, மூடாதது. ஃபேன் வெளிக்காத்தை உள்ள இழுத்து பேனல் மேலயே விட்டுது. மூணே மாசம். ஒருநாள் படம் பார்க்கும்போது கதாநாயகி கன்னத்துல மச்சம். அடுத்த ஷாட்ல அதே மச்சம் வானத்துல. அப்புறம் கடல்ல. எழுந்து போய் சுவரைத் துடைச்சேன், போகல. கவர்ல 20,000 மணிநேரம் உழைக்கும்னு போட்டிருந்தது எல்இடிக்குத்தான். தூசிக்கு யாரும் கணக்குப் போடல.

அதனால வாங்கப் போறவங்களுக்குச் சொல்றேன். ‘சீல்டு இன்ஜின்’ இருக்கான்னு முதல்ல கேளுங்க. ‘4கே சப்போர்ட்’னா 4கே வீடியோவை வாங்கிக்கும்னு மட்டும்தான் அர்த்தம், சுவர்ல விழுறது 720பி-யா இருக்கலாம். ‘நேட்டிவ்’, அதாவது பேனலோட நிஜ ரெசல்யூஷன், எவ்வளவுன்னு கேளுங்க. எல்சிடிக்குப் பதிலா பொடிக் கண்ணாடிகள் உள்ள சிப்பால படம் காட்டுற டிஎல்பி-யில 4கேன்னு விக்கிறதுல பலதுல 0.47 இன்ச் சிப்தான் இருக்கும். அதுல கண்ணாடி 1080பி அளவுக்குத்தான், ஒரு ஃபிரேமுக்கு நாலு தடவை படத்தை லேசா நகர்த்தி 4கே ஆக்குவாங்க. அது ஏமாத்து இல்ல, பார்க்க நல்லாவே இருக்கும், ஆனா விவரம் தெரிஞ்சு வாங்குங்க. த்ரோ ரேஷியோ, அதாவது திரை அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம்ங்கிறது, 1.2-ன்னா 100 இன்ச்சுக்கு 2.65 மீட்டர் தள்ளி வைக்கணும், ரூமை டேப் வெச்சு அளந்துட்டுக் கடைக்குப் போங்க. சாய்வா வெச்சா கோணலாகிற படத்தை மென்பொருளால நேராக்குற கீஸ்டோனைப் பெரிசா நம்பாதீங்க. கோணலைச் சரிபண்ண படத்தைச் சுருக்கும், ஓரத்துல உள்ள பிக்சலும் வெளிச்சமும் வீண். நேரா வைக்க இடமில்லைன்னா லென்ஸையே நகர்த்திப் படத்தை இடம் மாத்துற லென்ஸ் ஷிஃப்ட் உள்ளதா பாருங்க. ஃபேன் சத்தத்தை ராத்திரி ரூம்ல கேட்டாத்தான் தெரியும், கடைல தெரியாது.

சுபா_நாகர்கோவில்

திருப்பூர் அண்ணே, ‘ஸ்டிக் சொருகினா முடிஞ்சுது’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் சொருகினேன்.

அம்மாவுக்கு 71 வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய படமாகப் பார்க்கட்டும் என்றுதான் வாங்கிக் கொடுத்தேன். நான் வேலைக்குப் போனால் அம்மா தனியாகத்தான் இருப்பார்கள். ஒருநாள் மாலை ஆறரைக்கு வந்து பார்க்கிறேன். கதவெல்லாம் சாத்தி, திரைச்சீலை இழுத்து, இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் புரொஜெக்டரின் முகப்புப் பக்கம், யாரோ பாடுகிற விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. மடியில் இரண்டு ரிமோட். மூன்றரை மணிக்கு கரண்ட் போய் வந்திருக்கிறது. “எதை அமுக்கினா என்ன ஆகுமோன்னு விட்டுட்டேன் மக்களே” என்றார்கள். மூன்று மணிநேரம்.

கரண்ட் வந்ததும் மெஷின் தன் முகப்புக்குத்தான் போகும், ஸ்டிக் இருக்கிற எச்டிஎம்ஐ-க்குத் திரும்பாது. ‘ஆன் செய்ததும் கடைசி இன்புட்’ என்று ஒரு செட்டிங் சில மெஷின்களில் உண்டு, இதில் கிடையாது. போதாததற்கு, மேலே சீலிங் ஃபேன் ஓடி ஷெல்ஃப் லேசாக அதிர்ந்தாலே தானாக ஃபோகஸும் கீஸ்டோனும் பார்க்கத் தொடங்கிவிடும், படத்துக்கு நடுவில் கட்டம் கட்டமாக ஒரு பக்கம் வந்து நிற்கும். அதை நிறுத்துகிற இடம் மெனுவில் நாலு அடுக்கு உள்ளே இருக்கிறது. எந்த ஸ்டிக் போட்டாலும் அந்த மென்பொருளைத் தாண்டித்தானே படம் சுவருக்கு வர வேண்டும்?

ராத்திரி_ஷிஃப்ட்

ஒரு விஷயம் மட்டும். மலிவு மெஷின் வைத்திருப்பவர்கள் கூகுள் சோதித்து அங்கீகரித்த மெஷின் என்பதைக் காட்டும் பிளே புரொடெக்ட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து அதிகாலை மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். புரொஜெக்டர் ஸ்டாண்ட்பையில் இருக்கிறது, ரௌட்டர் விளக்கு மட்டும் விடாமல் துடிக்கிறது. ரௌட்டர் பக்கத்தைத் திறந்தால் அந்த ஒரு மெஷின்தான் டேட்டாவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், விளக்கு அமைதியானது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, வீட்டு மெஷின்களுக்குள் புகுந்து அவற்றைக் குற்றவாளிகளுக்குப் பயன்பட வைக்கும் பேட்பாக்ஸ் 2.0 பற்றி எச்சரித்தபோது டிவி பெட்டிகளோடு டிஜிட்டல் புரொஜெக்டர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. என் மெஷினில் இருந்தது அதுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து அதை வைஃபையில் சேர்ப்பதில்லை, பென்டிரைவ் மட்டும்தான்.

திருப்பூர்_பனியன்

சுபா தங்கச்சி, அம்மா விஷயம் படிச்சு மனசு கஷ்டமாப் போச்சு. நான் என் ஒருத்தனை வெச்சுத்தான் பேசிட்டேன். ஆனாலும் தூசி விழுந்த பேனலுக்கு எந்த அப்டேட்டும் வராது, அதுல நான் மாற மாட்டேன்.

தஞ்சை_தாத்தா

நான் போன மாதம்தான் வாங்கினேன். இங்கே முன்பு படித்ததை வைத்து, என் சொந்தப் பென்டிரைவோடு கடைக்குப் போனேன். அதில் ஒரு வெள்ளைப் பக்கம், ஓரம் முழுக்கப் பொடி எழுத்துள்ள ஒரு பக்கம், ஒரு இருட்டுக் காட்சி. கடைப் பையனிடம், “தம்பி, லைட்டைப் போடு” என்றேன். தயங்கினான், போட்டான். மூலையில் எழுத்து படிக்க முடிந்தது. டிஎல்பி, சீல் செய்தது, கரண்ட் போய் வந்தாலும் அதே இன்புட்டில் நின்றது. எல்லாவற்றையும் டிக் அடித்து, பில் போடச் சொல்லிவிட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரம்மா, “அந்தச் சின்ன எழுத்தைச் சுத்தி செவப்பும் பச்சையுமா மின்னுதே, உங்களுக்குத் தெரியலையா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. பையனுக்கும் தெரியவில்லை. அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இப்பவும் தெரியுது” என்றாள். டிஎல்பி ஒவ்வொரு நிறமாகத்தான் காட்டும், சிலர் கண்ணுக்கு அது பிரிந்து தெரியும் என்று கடைக்காரர் வந்து விளக்கினார். பில்லை ரத்து செய்துவிட்டு, பக்கத்து மேசையில் இருந்த எல்சிடியைப் போடச் சொன்னோம். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை முன்னால் உட்கார வைத்தேன்.