பிரிட்டனில் வெஸ்லி வரலாறு பார்க்க சபையாகப் போகிறோம்: எதை விடக்கூடாது, எதை விட்டுவிடலாம்?

ராயபுரம் சபையார்:

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துச் சபைகளிலிருந்து இருபது பேருக்கு மேல் சேர்ந்து அடுத்த மே மாதம் பிரிட்டன் போகலாம் என்று இருக்கிறோம். சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியும் அவர் தம்பி சார்லஸும் பிறந்த ஊர், பிரசங்கித்த இடங்கள், மெதடிஸ்ட் சபை வேர்விட்ட ஊர்கள், இதையெல்லாம் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் பெரியவர்களுக்குப் பல நாள் ஆசை. பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், பென்ஷன் பணத்தில் மிச்சம் பிடித்து வருகிறார்கள், அதனால்தான் ஒவ்வொரு நாளையும் எண்ணி எண்ணி யோசிக்கிறேன்.

ஏஜென்ட் ஒருவர் போட்டுக் கொடுத்த பிளானைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. மூன்று நாள் லண்டன், அதில் சிட்டி ரோடு வெஸ்லி ஆலயத்துக்கு அரை மணி நேரம். அப்புறம் ஸ்டோன்ஹெஞ்ச், ஆக்ஸ்போர்டு, எடின்பரோ, திரும்ப லண்டன், ஷாப்பிங். வெஸ்லி பிரசங்கித்த பிரிஸ்டலும் அவர் பிறந்த எப்வொர்த்தும் எங்கே என்று கேட்டதற்கு, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை சார், வேண்டுமானால் போகிற வழியில் பஸ்ஸிலிருந்தே காட்டிவிடலாம் என்கிறார். எப்வொர்த் எந்த வழியில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

போய் வந்தவர்கள், படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எட்டு ஒன்பது நாளில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், முட்டி வலி உள்ளவர்களை எங்கே கூட்டிப்போக முடியும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பெரம்பூர்க்காரன்:

ஐயா, எடின்பரோவை முதலில் வெட்டுங்கள். வெஸ்லி ஸ்காட்லாந்துக்கு இருபது தடவைக்கு மேல் போனவர்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் உங்களிடம் இருக்கிற நாட்களுக்கு அது தாங்காது. அந்த நாளைத் தூக்கி பிரிஸ்டலுக்குக் கொடுங்கள்.

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிஸ்டல். அங்கே பிராட்மீட் கடைத்தெருவுக்கு நடுவிலேயே இருக்கிறது நியூ ரூம். 1739-இல் கட்ட ஆரம்பித்தது, உலகத்தில் இன்று இருக்கிற மெதடிஸ்ட் கட்டடங்களில் இதுதான் பழையது. வெளி முற்றத்தில் வெஸ்லி குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற சிலை. உள்ளே போனால் அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது, மரம், வெள்ளைச் சுவர், இரண்டு அடுக்காக ஒரு பிரசங்க பீடம், அவ்வளவுதான். ஜன்னல்களை உயரத்தில் வைத்திருப்பார்கள், அந்தக் காலத்தில் கும்பலாக வந்து கல்லெறிவார்கள் என்பதால். வெளிச்சம் கூரை நடுவில் இருக்கிற எண்கோணக் கண்ணாடிக் கூண்டு வழியாக இறங்கும். மாடியில் பிரசங்கிகள் தங்கின அறைகள், அங்கிருந்தே கீழே ஆராதனை நடப்பதைப் பார்க்கலாம். இப்போது அது மியூசியம். அதே கட்டடத்தில் ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு விஷயத்தை உங்கள் சபையாருக்கு அங்கேயே வைத்துச் சொல்லுங்கள். அந்தக் கட்டடத்துக்கு வாங்கின கடனை எப்படி அடைப்பது என்று 1742 பிப்ரவரியில் கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்றார் ஒரு கப்பல் கேப்டன். அதுகூடக் கொடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்களே என்று இன்னொருவர் கேட்டார். அப்படியானால் பரம ஏழைகளாகப் பார்த்து பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் நான் போட்டுவிடுகிறேன் என்றார் அந்த கேப்டன். இப்படி வீடு வீடாகப் போனவர்கள் காசு வாங்கினதோடு நிற்கவில்லை, யார் வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்துவிட்டார், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று எல்லாம் தெரிந்துகொண்டு வந்தார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புக் கூட்டம் அதிலிருந்துதான் வந்தது, மெதடிஸ்ட் சபைக்கு முதுகெலும்பே அதுதான். நம் பக்கத்தில் சந்தா நோட்டோடு தெருத்தெருவாகப் போகிறவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களுக்கு அந்த இடம் பெரிய ஊக்கமாக இருக்கும்.

பிரிஸ்டலில் இன்னொன்றையும் மறைக்காமல் பேசுங்கள். அந்த ஊர் அடிமை வியாபாரத்தில் கொழித்த துறைமுகம். அப்படிப்பட்ட ஊரில், அதே நியூ ரூமில், 1788-இல் வெஸ்லி அடிமைத்தனத்தை எதிர்த்துப் பிரசங்கித்தார், கூட்டத்தில் பெரிய கலவரமே ஆகிவிட்டது. சாவதற்கு ஆறு நாள் முன்னால், 1791 பிப்ரவரி 24 அன்று, அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடின வில்பர்ஃபோர்சுக்கு வெஸ்லி எழுதின கடிதமும் அதை எதிர்த்துத்தான். எண்பத்தேழு வயதில்.

லண்டனில் சிட்டி ரோட்டுக்கு அரை மணி நேரம் என்பது அநியாயம், அரை நாள் வையுங்கள். 1778-இல் திறந்த ஆலயம், கீழ்த்தளத்தில் மியூசியம், பின்னால் வெஸ்லியின் கல்லறை, பக்கத்தில் அவர் கடைசிக் காலத்தில் இருந்த வீடு. அந்த வீட்டில் படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன ஜெப அறை இருக்கிறது, மூன்று நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும், அதனால் வரிசையாகத்தான் விட வேண்டியிருக்கும், அவசரப்படுத்தாதீர்கள். நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்க அவர் வைத்திருந்த மின்சார இயந்திரம்கூட இருக்கிறது. ஆனால் அது பழைய லண்டன் வீடு, படிகள் குறுகல், முட்டி வலிக்காரர்களை ஆலயத்திலும் மியூசியத்திலும் உட்கார வைத்துவிடுங்கள். 1738 மே 24 அன்று ஒரு கூட்டத்தில் இரட்சிப்பின் நிச்சயம் கிடைத்து அவர் இருதயம் அனலானது என்று நாம் சொல்கிறோமே, அந்த ஆல்டர்ஸ்கேட் தெருவும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மே மாதமே போகிறீர்கள், அந்தத் தேதியில் லண்டனில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஈஸ்ட் ஹாம் பக்கம் தங்கினால் இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும். அங்கிருந்து மூர்கேட்டுக்கு வண்டி மாறாமல் வரலாம், மூர்கேட்டிலிருந்து ஆலயத்துக்குக் கொஞ்ச தூரம்தான்.

எப்வொர்த்தை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். தூரம், ரயிலும் கிடையாது.

கொருக்குப்பேட்டை அக்கா:

பெரம்பூர்த் தம்பி மற்றதெல்லாம் சரியாகச் சொன்னார், ஆனால் எப்வொர்த்தை விடச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்தை யார் தூக்கிச் சுமக்கிறார்கள், ஓய்வுநாள் பள்ளியை யார் நடத்துகிறார்கள்? அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பிரிட்டன் வரை போய்விட்டு வெஸ்லியைப் பெற்ற அம்மா சூசன்னாவின் வீட்டைக் காட்டாமல் திரும்புவதா?

பத்தொன்பது பிள்ளை பெற்று அதில் பாதிக்குக் கிட்ட பறிகொடுத்தவர். 1709-இல் வீடு தீப்பற்றி எரிந்தபோது ஐந்து வயது ஜான் மாடியில் மாட்டிக்கொண்டான். ஏணி கொண்டுவர நேரமில்லை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக இறக்கினார்கள், அடுத்த நிமிஷம் கூரை விழுந்தது. அதன் பிறகு செங்கல்லில் திரும்பக் கட்டின வீடுதான் இன்று நாம் பார்க்கிற பழைய குருமனை. அந்த வீட்டுச் சமையலறையைக் கட்டாயம் பாருங்கள். அந்த ஊர்க் குருவாக இருந்த புருஷன் சாமுவேல் குருமார் மாநாட்டுக்காக லண்டன் போயிருந்த சமயம், 1712 வாக்கில், ஞாயிறு சாயந்திரம் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் வேதம் வாசித்து ஒரு பிரசங்கத்தையும் வாசித்துக் காட்டினார். அக்கம்பக்கத்தார் கேள்விப்பட்டு வர ஆரம்பித்து, கடைசியில் இருநூறு பேர் வந்து, இடமில்லாமல் திரும்பினவர்களும் உண்டு. பெண் இப்படிச் செய்யலாமா என்று உதவிக்குரு சாமுவேலுக்குப் புகார் எழுதினார். புருஷனும் நிறுத்தச் சொன்னார். அதற்கு அந்த அம்மா எழுதின பதில் இன்னும் இருக்கிறது. நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் விருப்பம் என்று சொல்லாதீர்கள், கட்டளையாகவே போடுங்கள், அப்போதுதான் நியாயத்தீர்ப்பு நாளில் நான் குற்றமற்றவளாக நிற்க முடியும் என்ற கருத்தில் எழுதினார். அப்புறம் புருஷன் வாயைத் திறக்கவில்லை. ஜானுக்கு அப்போது எட்டு ஒன்பது வயது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அந்தச் சமையலறையில்தான் இருந்திருப்பான்.

போகிற வழி கஷ்டமில்லை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து டான்காஸ்டர் வரை ரயில், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து உங்கள் கூட்டத்துக்கு ஒரு கோச் பேசிவிட்டால் சாயந்திரத்துக்குள் திரும்பலாம். அதே ஊரில் ஆலயத் தோட்டத்தில் சாமுவேல் வெஸ்லியின் கல்லறை இருக்கிறது. 1742-இல் சொந்த ஊர் ஆலயத்தில் ஜானுக்குப் பிரசங்க பீடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள், அவர் அப்பாவின் கல்லறைக் கல்மேல் ஏறி நின்று ஊருக்கே பிரசங்கித்தார். சூசன்னா அம்மாவின் கல்லறை மட்டும் அங்கே இல்லை, அது லண்டனில், சிட்டி ரோடு ஆலயத்துக்கு நேர் எதிரே பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில். ரோட்டைக் கடந்தால் போதும், நிறையப் பேர் கடப்பதில்லை.

இன்னொன்று தம்பி. விசாவுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். வழக்கமாக மூன்று வாரம் என்பார்கள், கோடைக்கு முன்னால் கூட்டம் சேரும், பெரியவர்களின் பென்ஷன் பேப்பர், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு மில் வீடு:

எங்கள் தாத்தா பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அதனால் என் பங்குக்கு நான் ஒரே ஒரு இடம்தான் சொல்வேன், டால்படில். டோர்செட் மாவட்டத்தில் சின்ன கிராமம். பிரிஸ்டலிலிருந்து கோச்சில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

1830-களில் அங்கே விவசாயக் கூலிகளுக்கு வாரக் கூலி 9 ஷில்லிங், அதையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள், 6 ஷில்லிங்குக்கு இறக்கப் போகிறோம் என்றார்கள். கூலிக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். சங்கம் சேருவது அப்போது சட்டப்படி குற்றமில்லை, அதனால் ரகசியமாகச் சத்தியம் செய்தார்கள் என்று பழைய சட்டம் ஒன்றைத் தோண்டி எடுத்து 1834-இல் ஆறு பேருக்கு ஏழு வருட நாடுகடத்தல் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த ஆறு பேரில் ஐந்து பேர் மெதடிஸ்டுகள். தலைவராக இருந்த ஜார்ஜ் லவ்லெஸ் ஊழியக்காரர் மாதிரி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த சாதாரணக் கூலி. லண்டனில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போய், 1836-இல் மன்னிப்பு வந்தது.

எழுதப் படிக்கவும், கூட்டம் நடத்தவும், நாலு பேர் முன்னால் எழுந்து பேசவும் அவர்களுக்கு எங்கே பழக்கம் வந்தது? அந்த வகுப்புக் கூட்டத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1918-இல் பெரம்பூரில் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது திரு.வி.க.வும் வாடியாவும் பேசினதைக் கேட்கத் தாத்தாவின் அப்பா போனதாக வீட்டில் சொல்வார்கள். வடசென்னைக்காரர்கள் டால்படில் போனால் யாரும் விளக்கவே வேண்டாம், தானாகப் புரியும். ஸ்டோன்ஹெஞ்சை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

பிராட்வே பழைய சபை:

எல்லாம் நல்ல யோசனை. நான் சொல்வது கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

தாமஸ் கோக் என்று வெஸ்லியின் வலது கை. ஆசியாவுக்கு மிஷன் போக வேண்டும் என்று அறுபத்தாறு வயதில் ஒற்றைக் காலில் நின்று, தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். 1814 மே மாதம் இந்துமகா சமுத்திரத்திலேயே இறந்துபோனார், கடலிலேயே அடக்கம் செய்தார்கள். கூட வந்தவர்கள் இலங்கையில் இறங்கினார்கள். அதில் ஒருவர் ஜேம்ஸ் லிஞ்ச், அயர்லாந்துக்காரர், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவிட்டு 1817-இல் சென்னைக்கு வந்தார். ராயப்பேட்டை வெஸ்லி ஆலயமும் எங்கள் பிராட்வே வெஸ்லி ஆலயமும் அந்த வழியில் வந்தவை. தினமும் பிராட்வே பக்கம் போகிறவர்கள் எங்கள் ஆலயத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். முதலில் இங்கே ஒரு சனிக்கிழமை வாருங்கள், கதையின் இந்த முனையைப் பார்த்துவிட்டு அந்த முனைக்குப் போங்கள்.

குழுவில் குழப்பம் வராமல் இருக்க இதையும் சொல்லிவிடுங்கள். பிரிட்டிஷ் வெஸ்லியன் மிஷன் வழிவந்த சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன் சபைகளோடும் மற்றவர்களோடும் சேர்ந்து சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் வழிவந்தவை அதில் சேரவில்லை, வேப்பேரியில் இன்றும் மெதடிஸ்ட் என்ற பெயரிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் எப்வொர்த்தும் பிரிஸ்டலும் சொந்தம்தான், யார் அசல் என்று பஸ்ஸில் வாக்குவாதம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. லண்டனில் சோவாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் மெதடிஸ்ட் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. சென்னையிலிருந்து மிஷனரிகள் எழுதின கடிதங்களும் அதில் உண்டு. இருபது பேரும் போக முடியாது, ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு இரண்டு பேரை அனுப்புங்கள்.

ராயபுரம் சபையார்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கமிட்டியில் வாசித்துக் காட்டினேன், எடின்பரோவும் ஸ்டோன்ஹெஞ்சும் போய்விட்டன, எப்வொர்த்துக்கு ஒரு நாள், பிரிஸ்டலில் இரண்டு இரவு தங்கி அங்கிருந்தே டால்படில், மீதி லண்டன். ஆக்ஸ்போர்டு மட்டும் இளைஞர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். வெஸ்லி சகோதரர்கள் சேர்ந்து ஜெபிக்கவும் வேதம் படிக்கவும் பரிசுத்த சங்கம் நடத்தின ஊர்தானே, போகிற வழியில் அரை நாள் நிறுத்துவோம். 24-ஆம் தேதி லண்டனில் இருக்கிற மாதிரி தேதி மாற்றச் சொல்லியாகிவிட்டது.

அக்கா, சூசன்னா அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதினதை எங்கள் பெண்கள் சங்கத்துச் செயலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டார், போகிறவர்களில் பெண்கள் இன்னும் ஐந்து பேர் கூடிவிட்டார்கள். பிராட்வே ஐயா, வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாமா? சாவி யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.